எடைப்பொறி சொல்லாத நற்செய்திகள்

ஹவுரா நிலையத்தில் சென்னை மெயிலுக்குக் காத்திருந்த வேளைகளில், எடைப்பொறியின்மேல் ஏறிக் காசு போட்டுப் பார்த்த நினைவு நம்மில் பலருக்கு உண்டு. சிறிய அட்டை ஒன்று வந்து விழும். அதில் நம் எடை அச்சிட்டிருக்கும். நம் வருங்காலத்தைப் பற்றிய வாக்கு ஒன்றும் கூடவே இருக்கும். வாக்கைப் படித்துச் சிரித்துவிட்டு வண்டி ஏறுவோம். இன்று வீட்டுக்கு வீடு எடைப்பொறி வந்துவிட்டது. அதில் சோதிட வாக்கு இல்லை. ஆயினும் அது காட்டும் எண்ணையே நாம் சோதிடம்போல் நம்பத் தொடங்கிவிட்டோம். எண் இறங்கினால் உள்ளம் பூரிக்கிறது. ஏறினால் அன்றைய பொழுதே கசந்துவிடுகிறது.

லேக் மார்க்கெட் அருகே மூன்றாம் மாடியில் வாழும் நம் அன்பர் ஒருவரின் செய்தியை இங்கே கூறுதல் பொருந்தும். ஐம்பதைக் கடந்தவர். இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டதென்றும், எடையைக் குறைத்தல் வேண்டுமென்றும் மருத்துவர் எச்சரித்தார். தம் தந்தையார் நீரிழிவினால் ஒரு காலை இழந்ததைக் கண்ணாரக் கண்டவராதலின் அன்பர் அஞ்சினார். முன்னாளில் டாக்குரியா ஏரி என வழங்கி, 1958இல் இரவீந்திர சரோவர் எனப் பெயர் பெற்ற நீர்நிலையின் கரையில் நாள்தோறும் நடக்கலானார். காப்பியில் சர்க்கரையை நிறுத்தினார். இரவில் சோற்றைக் குறைத்துக் காய்களைக் கூட்டினார். முதல் மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. பின்னர் ஆறு வாரங்கள் எண் அசையவே இல்லை. "இத்தனை நடந்தும் பயனில்லையே!" என்று சோர்ந்து நடையை நிறுத்திவிட்டார்.

அவரை மீண்டும் நடக்க வைத்தவர் அவர்தம் மனைவியார். "முன்பெல்லாம் இரண்டாம் மாடித் திருப்பத்தில் காய்கறிப் பையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவீர்கள், உங்களுக்காக நானும் அங்கே நிற்பேன். இப்போது எனக்கு முன்னால் ஏறிப்போய்க் கதவைத் திறக்கிறீர்கள். அது உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டாராம். அன்பருக்கு அது தெரியவில்லைதான். ஆறு வாரங்களாக அவர் பொறியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

எடை ஏன் இவ்வாறு நின்றுவிடுகிறது? உணவைக் குறைத்த தொடக்க நாள்களில், தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருந்த மாச்சத்து செலவாகிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் சேர்ந்திருப்பதால், அந்நீரும் உடன் வெளியேறுகிறது. முதலில் எடை விரைந்து இறங்குவது பெரும்பாலும் இதனால்தான். கொழுப்புக் கரைவதோ மெதுவான வேலை. மேலும், ஊறுகாயும் அப்பளமும் சற்றுக் கூடினால் உப்பு நீரைப் பிடித்து வைத்து மறுநாளே எடையைக் கூட்டும். மகளிர்க்கு மாதந்தோறும் சில நாள்கள் இவ்வேறுபாடு இயல்பாகவே நிகழும். ஆகவே ஒருநாள் எண்ணைக் கொண்டு உழைப்பின் பயனை அளத்தல் தவறாகும்.

அந்த அம்மையார் படிக்கட்டில் கண்டதை ஒத்த செய்தி ஒன்று ஆராய்ச்சியிலும் உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்னும் ஆய்வை நடத்தி, 2006இல் அதன் முடிவை வெளியிட்டனர். நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக வகுத்தனர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான அறிவுரை மட்டும் கிடைத்தது. மற்றொரு பிரிவினர் நாள்தோறும் அரைமணி நேரமேனும் விரைந்து நடந்து, உணவையும் ஒழுங்கு செய்துகொண்டனர். ஏனைய இரு பிரிவினரும் மாத்திரை பெற்றனர். அவ்விருவருள் ஒரு பிரிவினர் நடையையும் உணவொழுங்கையும் சேர்த்தே மேற்கொண்டனர். மூன்றாண்டு முடிவில், அறிவுரை மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். மாத்திரையின்றி நடையையும் உணவொழுங்கையும் கைக்கொண்டவருள் அத்தொகை ஏறக்குறைய 39 ஆயிற்று. இவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதுதான் நாம் கருத்தில் இருத்த வேண்டிய செய்தி. பொறி வாளாவிருந்த அந்நாள்களிலும் உடலுக்குள் நன்மை நடந்துகொண்டுதான் இருந்தது.

இதனால் எடையைப் பொருட்படுத்தவே வேண்டா என்பது நம் கருத்தன்று. எடை மிகுந்தவர்க்கு அது குறைதல் நலமே. எனினும் அதனை ஒரு சாட்சியாக மட்டும் கொண்டு, பிற சாட்சிகளையும் விசாரித்தல் வேண்டும்.

முதற்சாட்சி, தையற்காரரின் அளவு நாடா. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க. நம் நாட்டவருள் ஆடவர்க்கு 90 சென்டிமீட்டருக்கும் மகளிர்க்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டிருத்தல் நன்று. மாதம் ஒருமுறை அளந்தால் போதும். இரண்டாம் சாட்சி, படிக்கட்டு. காளிகாட் மெட்ரோ நிலையப் படிகளை நிற்காமல் ஏற முடிகிறதா என்று பார்க்கலாம். ஏரிக்கரையில் ஒரே தொலைவை நடக்க ஆகும் நேரத்தையும் குறித்துக்கொள்ளலாம். இடைவாரில் ஒரு துளை உள்ளே போவதும், இறுகியிருந்த இரவிக்கை தளர்வதும், முழங்கால் வலி தணிவதும், இரவில் நல்ல உறக்கம் வருவதும் நற்குறிகளே. இரத்த அழுத்தமும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவும் மருத்துவர் வழிச் சாட்சிகள். பனிக்காலத்தில் ஈச்சவெல்லச் சந்தேஷ் தட்டு முன்வரும்போது, ஒன்றைச் சுவைத்து உண்டு "போதும்" என்று மகிழ்வோடு சொல்ல முடிவதும் சிறு வெற்றியன்று.

இவற்றையெல்லாம் அடுக்களை நாள்காட்டியிலேயே குறித்து வரலாம். எடையை வாரம் ஒருநாள், காலையில் உண்பதற்கு முன் பார்த்தால் போதுமானது. நீரிழிவு மாத்திரை உட்கொள்வோர் மருத்துவரைக் கலந்த பின்னரே உணவைக் குறைத்தல் வேண்டும். இல்லையேல் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடக்கூடும். முயற்சியின்றியே எடை இறங்குவதும், நடக்கையில் நெஞ்சு வலிப்பதும் உடனே மருத்துவரிடம் கூற வேண்டியவை.

குடும்பத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். ஊருக்குச் சென்றாலும், இங்கே பொங்கல் விழாவில் கூடினாலும், "பருத்துவிட்டாயே!", "இளைக்கவே இல்லையே!" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறோம். அன்பினால் சொல்வதாயினும் முயல்வோர் மனத்தை அது ஒடித்துவிடும். தம்மிடம் நேர்ந்த மாற்றத்தைத் தாமே காணாதவர் பலர். உடனிருப்போர் கண்டு சொன்னால் அவர்கள் தளரார்.

நம் அன்பர் இன்றும் நடக்கிறார். அதன்பின் அவர்தம் எடை ஒரு கிலோதான் குறைந்தது. இடுப்பின் சுற்றளவோ நான்கு சென்டிமீட்டர் குறைந்தது. சர்க்கரை இன்னும் எல்லையைத் தாண்டவில்லை. காலை நடைக்கு இப்போது மனைவியாரும் உடன் செல்கிறார்.