டிங்கியை மறவாத குருதி

மணல்வாரி அம்மை ஒருமுறை கண்டவரை அது மறுமுறை அண்டுவது மிக அரிது. இதனைத் தோட்டத்துப் பெரியோர் நெடுங்காலமாக அறிவர். அதே கணக்கை டிங்கிக் காய்ச்சலுக்கும் பொருத்தி, "எனக்குத்தான் முன்பே வந்து போய்விட்டதே, இனி என்ன பயம்?" என்று தாப்பா வட்டாரத்துப் பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர் கருதுவாராயின், அவர் ஆபத்தின் அருகில் நிற்கிறார் என்றே கூறவேண்டும்.

டிங்கிக் கிருமி ஒன்றன்று. அதில் நான்கு வகைகள் உள்ளன. நான்கும் நம் நாட்டில் உலவுவனவே. இந்நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பினாங்கில் டிங்கி பதிவாயிற்று. குருதிக் கசிவுடன் கூடிய கடுமையான நோய் 1962ஆம் ஆண்டில் அதே பினாங்கில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

முதல்முறை டிங்கி கண்டவரின் உடல், வந்த வகைக்கு ஏற்ற எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. காய்ச்சல் நீங்கிய பின்னும் அந்த நினைவு அழிவதில்லை. நினைவணுக்கள் குருதியிலும் எலும்பு மச்சையிலும் பல்லாண்டுகள் தங்கிவிடுகின்றன. ஆகவே அதே வகை மீண்டும் அவரை வருத்துவதில்லை. பிற வகைகளிடமிருந்தும் சில மாதங்கள் காப்புக் கிடைக்கும். பின்னர் அது தேய்ந்துவிடும். அதன்பின் வேறொரு வகை உட்புகுந்தால்தான் வினை. பழைய எதிர்ப்பொருள் புதிய கிருமியின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதனை முடக்கும் ஆற்றல் அதற்கிராது. எதிர்ப்பொருள் ஒட்டியதை விழுங்குவது வெள்ளையணுக்களின் இயல்பு. அவை அவ்வாறே விழுங்க, கிருமி சாகாமல் அந்த அணுக்களுக்குள்ளேயே பெருகுகிறது. காவலாளிக்குப் பழக்கமான அனுமதிச் சீட்டைக் காட்டித் திருடன் தோட்டத்துக்குள் நுழைவதைப் போன்றது இது. 1960களில் பேங்காக்கில் ஆராய்ந்த ஸ்காட் ஹால்ஸ்டெட் என்னும் அமெரிக்க மருத்துவர், கடுமையான நோய் பெரும்பாலும் இரண்டாம் முறை டிங்கி கண்டவர்களையே தாக்குவதை எடுத்துக்காட்டினார்.

இந்த நினைவு எத்தனை ஆண்டுகள் நிற்கும்? நான்கு வகைகளும் கலந்து உலவும் நம் நாட்டில் இதனை அறிவது கடினம். கியூபா ஒரு தீவு. அங்குக் கிருமி வகைகள் இடைவெளி விட்டுத் தனித்தனியே வந்தன. 1977இல் முதல் வகையும் 1981இல் இரண்டாம் வகையும் பரவின. 1981இல் மாண்டவர் 158 பேர். பின்னர் 1997இல் சாந்தியாகோ நகரில் இரண்டாம் வகை மறுபடியும் தலைகாட்டியபோது, கடுமையாக நோயுற்றவர்கள் பெரியவர்களே. ஏறத்தாழ அனைவருக்கும் அது இரண்டாம் தொற்று. இருபது ஆண்டுகளுக்கு முன் வந்து போன காய்ச்சலை அவர்கள் மறந்திருக்கலாம். அவர்களுடைய குருதி மறக்கவில்லை.

தடுப்பூசியிலும் இந்த இடர் வெளிப்பட்டது. பிலிப்பைன்சில் 2016இல் பள்ளிச் சிறாருக்கு ஒரு டிங்கித் தடுப்பூசி போடத் தொடங்கினர். முன்பு டிங்கி வராத பிள்ளைகளுக்கு அவ்வூசியே முதல் தொற்றுப்போல் அமைந்து, பின்னர் உண்மையான டிங்கி வரும்போது நோய் கடுமையாகக்கூடும் என்று 2017இல் அதனைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது.

இரண்டாம் தொற்று வந்தவரெல்லாம் கடும் நோயாளியாவர் என்று அஞ்சிவிட வேண்டா; பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆனால் மருத்துவரிடம் செல்லும்போது, "இத்தனை ஆண்டுகளுக்கு முன் எனக்கு டிங்கி வந்தது" என்று மறவாமல் சொல்லவேண்டும். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் தணியும். நோய் விட்டது என்று எண்ணிப் பிரட்டுக்குப் புறப்படும் நாள் அதுவே. குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியும் நேரமும் அதுவே. தீராத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ குருதி, மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் குருதிப்போக்கை மிகுவிக்கும்.

நிழலடர்ந்த ரப்பர் நிரைகளில் ஏடிஸ் கொசு பகலிலும் கடிக்கும். மழையால் வெட்டு நின்ற நாட்களில் மங்குகளில் தேங்கும் நீர் ஒரு வாரம் கிடந்தாலே அதன் முட்டைகள் கொசுக்களாகிவிடும். வெட்டு இல்லாத நாளில் மங்கைக் கவிழ்த்து வைப்பது ஒரு நொடி வேலை.