தாத்தாவின் கைக்கடிகாரம்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

காலம் பொன் போன்றது என்பர். அக்காலத்தைக் காட்டும் கடிகாரமே பழுதுற்றால் என் செய்வது? பழையதைச் சீர்செய்வதா, விட்டுவிடுவதா? சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் இக்கேள்வி எழுந்தது.

என் தாத்தா தம் முதல் சம்பளத்தில் 1974-ஆம் ஆண்டு வாங்கியது எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம். திருவாலங்காடு ரயில் நிலையத்தில் சென்னை வண்டியை அவர் தவறவிடாமல் காத்தது அதுவே. அதனுள் மழைநீர் புகுந்து ஓட்டம் நின்றது. தானே காய்ந்துவிடும் என்று இரண்டு மாதம் அலமாரியில் வைத்திருந்தோம். அது பெரும் பிழை என்று பின்னரே அறிந்தோம்.

ஜனதாவுக்கு பேட்டரி கிடையாது. சாவி கொடுத்தால் உள்ளிருக்கும் மெயின் ஸ்பிரிங் இறுகுகிறது. அது மெல்ல விரியும்போது பற்சக்கரங்கள் சுழல்கின்றன. அவை ஒரேயடியாக ஓடிவிடாமல் கட்டுப்படுத்துவது பேலன்ஸ் சக்கரம். விநாடிக்கு 5 துடிப்பு வீதம், ஒரு நாளில் 4,32,000 முறை அது துடிக்கிறது! அச்சுகள் தேயாமலிருக்க 17 செயற்கை மாணிக்கக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. இத்தகைய நுட்பமான இயந்திரத்தை நிறுத்தத் துருவின் சிறு துகளே போதும். ஆகவே, நீர் புகுந்த கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கலாகாது. உடனே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறந்து உலர்த்த வேண்டும்.

அடுத்து, பழுது எது என்று அறிதல் வேண்டும். அழுக்கும் காய்ந்த எண்ணெயும் மட்டுமே காரணமானால் சுத்தம் செய்தால் போதும். கண்ணாடி, சாவித் திருகு, மெயின் ஸ்பிரிங் ஆகியவற்றை மாற்றிவிடலாம். பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முறிந்தாலோ, எங்கும் துரு பரவினாலோ செலவு மிகும்.

உதிரிபாகம் கிடைக்குமா என்பதும் முக்கியம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியுடன் 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. எனவே, பல பாகங்களை வேறு பழைய கடிகாரங்களிலிருந்தே எடுக்க வேண்டியுள்ளது.

மூன்றாவதாக, செலவை முன்கூட்டியே கேட்டு, அதே வகைக் கடிகாரம் ஓடும் நிலையில் என்ன விலை என்று ஒப்பிட வேண்டும். எங்களுக்குச் சொன்ன கூலி ரூ.1,200. "இந்தப் பணத்துக்குப் புதிதே வாங்கலாமே" என்றார் அப்பா. தாத்தா பதில் பேசவில்லை. ஆனால் ரயிலின் ஓசை கேட்கும்போதெல்லாம் தம் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொள்வார். ஒருநாள் அதை அப்பாவும் கண்டார். மறுநாள் அவரே கடிகாரத்தை எடுத்துச் சென்றார்.

நல்ல வேளையாக பேலன்ஸ் சக்கரம் கெடவில்லை. மெயின் ஸ்பிரிங்கையும் சாவித் தண்டையும் மாற்றினார்கள். டயலில் நீர்க்கறை இருந்தது. புதுவண்ணம் பூசினால் பழைய எழுத்துகள் மறைந்து கடிகாரத்தின் மதிப்பும் குறையும் என்பதால் கறையை அப்படியே விட்டுவிட்டோம்.

இப்போது அது நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறது. தாத்தா தினமும் காலையில் அதைத் திருத்திச் சாவி கொடுக்கிறார். விற்பதற்கான பொருளாயின் கணக்குப் பார்த்து முடிவு செய்வோம். வீட்டில் ஒருவரின் உழைப்புக்குச் சாட்சியாயின், கணக்குடன் அவர் முகத்தையும் பார்த்து முடிவு செய்வோமாக!