மிதவை சொல்லித்தரும் பாயில் விதி

மாறா வெப்பநிலையில் வாயுவின் பருமன் அதன் அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும் என்று பத்தாம் வகுப்பு மாணவர்கள் தடையின்றி ஒப்பித்துவிடுவார்கள். அது எங்கே வேலை செய்கிறது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகும். கடலோரப் பள்ளியில் பணியாற்றும் நான் இதற்கு ஸ்கூபா வீரர்களின் குறிமிதவையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

குறிமிதவை என்பது ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் நீண்ட பை; சுருளில் சுற்றிய கயிறு அதனுடன் இணைந்திருக்கும். மூழ்கியவர் மேலே வருமுன், நீருக்குள் இருந்தபடியே பையில் காற்றடைத்து மேலே விடுவார். கீழே ஆள் இருப்பதைப் படகுகள் அறிந்து விலகும். நீரோட்டம் இழுத்துப் போனாலும் தம் படகு அவரைக் கண்டுபிடித்துவிடும்.

எவ்வளவு காற்று அடைக்க வேண்டும்? கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் மொத்தம் 3 வளிமண்டலம். அங்கே 5 லிட்டர் அடைத்தால் மேற்பரப்பில் அது 15 லிட்டராகும். எனவே பையை முழுதாக நிரப்பத் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பு ஆர்க்கிமிடிஸ் தத்துவமும் இங்கே சேர்ந்துகொள்ளும்: 5 லிட்டர் காற்று ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தூக்கும். கயிறு சிக்கினால் மிதவை ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். அதனால்தான் காற்றடைக்கும்போது சுருளை உடையில் மாட்டி வைப்பதில்லை. சிக்கினால் கையை விட்டுவிட வேண்டும்.

மாணவர்களை அதிகம் வியக்க வைப்பது அடுத்த கணக்கு. 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வரும்போது காற்றின் பருமன் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. கடைசி 10 மீட்டரிலோ அது இரட்டிப்பாகிறது. ஆபத்து ஆழத்தில்தான் என்று நினைத்திருந்தவர்கள் இதைக் கரும்பலகையில் தாமே போட்டுப் பார்க்கட்டும். ஸ்கூபா வீரர்கள் மெதுவாக ஏறி, 5 மீட்டர் அளவில் 3 நிமிடம் நின்று வருவார்கள். கரைந்த நைட்ரஜன் உடலிலிருந்து வெளியேறவும் அந்த நேரம் உதவுகிறது.

பைக்கு நேர்வது நுரையீரலுக்கும் நேரும். ஆகவே ஸ்கூபாவில் மூச்சை அடக்கியபடி மேலே வரவே கூடாது. இதைச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, "எங்க தாத்தா சங்கு குளிக்கும்போது மூச்சடக்கித்தானே சார் மேலே வருவாங்க?" என்றான். இதைவிட நல்ல கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க முடியாது. தாத்தா காற்றை மேற்பரப்பில் இழுத்தார். 6 லிட்டர் 10 மீட்டரில் 3 லிட்டராகச் சுருங்கி, மேலே வந்ததும் பழையபடி 6 ஆனது. அதற்கு மேல் போகாது. ஆழத்திலேயே 6 லிட்டர் காற்றை இழுத்தால் மேலே அது 12 லிட்டராகத் துடிக்கும், நுரையீரல் தாங்காது. மன்னார் வளைகுடாவில் இன்று கம்ப்ரசர் குழாய் வழியே சுவாசித்துச் சங்கெடுப்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பொருந்துவது தாத்தாவின் கணக்கு அல்ல, ஸ்கூபாவின் கணக்கு. கடலோர வகுப்புகளில் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் பாடத்தை முடிக்க எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

செய்து காட்டக் கடல் வேண்டாம். ஊசி நீக்கிய பெரிய சிரிஞ்சுக்குள், சிறிதளவு ஊதி முடிச்சிட்ட குட்டி பலூனைப் போட்டு, முனையை விரலால் அடைத்து உலக்கையை வெளியே இழுக்கச் சொல்லுங்கள். பலூன் உப்பும், உள்ளே அழுத்தினால் சுருங்கும். எந்த அசைவு மேலே வருவது, எது கீழே போவது என்று மாணவர்களே சொல்லட்டும்.