துவர்ப்பும் தீவனமும்

செஞ்சியை அடுத்த தளவானூருக்கு வருவோர், 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்ருமல்லேசுவராலயத்தைக் கண்டு வியப்பர். அக்குன்றையொத்த பாறைகளின் அடிவாரத்தில் மேயும் ஆடுகளைக் கவனிப்பவர் சிலரே. ஆயினும் மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பத்திற்கு மழை பொய்த்த ஆண்டில் கைகொடுப்பது ஆடுதான். சங்கத்தில் கடன் பெற்று ஆடு வாங்கிய உறுப்பினருக்கு அதன் எடையே தவணைப் பணம். ஆடு இளைத்தால் தவணையும் நிலுவையாகும்.

கடலைக்கொடிப் போர் தீர்ந்து புல்லும் காய்ந்த கோடையில், வெள்வேல், கருவேல், வன்னி முதலிய மரங்களின் தழையும் நெற்றுமே தீவனமாகின்றன. இவை யாவும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. புரதச் சத்து மிக்கவை. அவ்வாறாயின், இவற்றை வயிறார உண்ட ஆடு சில சமயங்களில் தேறாமல் இளைப்பானேன்? அத்தழைகளில் உள்ள துவர்ப்புப் பொருளே இதற்குப் பெரும்பாலும் காரணம். விஞ்ஞானிகள் இதனை டானின் என்பர்.

நெசவாளர் அறிந்த பொருளே

இப்பொருள் நமக்குப் புதியதன்று. சாயமிடுவதற்கு முன் பருத்தி நூலைக் கடுக்காய் நீரில் தோய்த்து, பின்னர்ப் படிகாரம் இடுவது பழைய முறை. கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறி நின்று, படிகாரத்தையும் சாயத்தையும் பற்றிக்கொள்ளும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டதும் இத்தன்மையை அறிந்தே. தோலில் உள்ள புரதத்தைத் துவர்ப்பு இறுகப் பற்றுவதால், தோல் அழுகாமல் நிலைக்கிறது. புரதத்தைப் பற்றும் அதே குணம் ஆட்டின் வயிற்றிலும் வேலை செய்கிறது.

வயிற்றில் நடப்பது என்ன?

அசைபோடும் பிராணிக்கு இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் தழையிலுள்ள புரதத்தைச் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. அவை தம் வளர்ச்சிக்குப் பயன்படுத்தியது போக, மிஞ்சியதில் பெரும்பகுதி சிறுநீரில் வீணாகும். தழையில் துவர்ப்பு மிதமாக இருந்தால், புரதத்தின் ஒரு பகுதியை அது பற்றிக்கொண்டு முதல் அறையைக் கடத்திவிடும். நான்காம் அறையின் புளிப்பில் அப்பிடி தளர்கிறது. விடுபட்ட புரதம் குடலில் செரித்து உடலில் சேர்கிறது.

வேறு நன்மைகளும் உண்டு. குதிரை மசாலைப் பசுமையாக மிகுதியாய்த் தின்ற மாடு, வயிற்றில் நுரை கட்டி உப்புசத்தால் துன்புறும். துவர்ப்புள்ள பயறுவகைத் தீவனங்கள் அவ்வாறு நுரை கட்டுவதில்லை. சில தழைகளின் துவர்ப்பு இரைப்பைப் புழுக்களையும் குறைப்பதாக ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

ஆனால் அளவு மீறினால் இந்நன்மைகள் தீமையாக மாறும். வாய் வறண்டு ஆடு தீனியைக் குறைத்துக்கொள்ளும், நுண்ணுயிர்கள் மந்தமாகும், பற்றிய பிடி தளராமல் புரதம் சாணத்தோடு வெளியேறும். வயிறு நிறைந்தும் உடல் பட்டினி கிடக்கும்.

நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள் லோட்டஸ் என்னும் தீவனப் பயிரைச் செம்மறியாடுகளுக்கு அளித்து இதனை விரிவாக ஆராய்ந்தனர். ஈரம் நீங்கிய தீவன எடையில் துவர்ப்பு 100க்கு 2 முதல் 4 பங்கு வரை இருப்பது நலம். 5, 6 பங்கைத் தாண்டினால் கேடு என்பது பொதுவான முடிவு. இது மரத்துக்கு மரம் வேறுபடும். வெள்ளாடு செம்மறியைவிடத் துவர்ப்பைத் தாங்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

வேலியும் கயிறும்

தென் ஆப்பிரிக்காவில் 1980களில், வேலியிட்ட பண்ணைகளில் இருந்த கூடு என்னும் மான்கள் ஏராளமாக மடிந்தன. வறட்சியில் வேல மரத்தழையையே தின்ன நேர்ந்ததால், துவர்ப்பு மிகுந்து அவை இறந்தன என்று பிரிட்டோரியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வான் ஹோவன் கருதினார். திறந்த வெளியில் மேயும் பிராணி ஒரு மரத்தில் சிறிது கடித்து அடுத்ததற்கு நகரும். வேலிக்குள் அடைபட்டதற்கு அவ்வழி இல்லை. ஒரே மரத்தை வெட்டிப்போட்டுக் கொட்டிலில் கட்டிவைத்த ஆட்டின் நிலையும் இதுவே.

நம் முன்னோர் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். காங்கயம் பகுதியின் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலியும், கீழே கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேலும் உள்ளன. கால்நடைகள் புல்லை மேய்ந்து, உதிர்ந்த நெற்றை இடையே பொறுக்கும். புல்லே உணவு, நெற்று துணை.

உறுப்பினர் செய்யத்தக்கவை

1. ஒரே மரத்தின் தழையை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடவேண்டாம். எஞ்சியது கடலைக்கொடி, சோளத்தட்டை, புல் என்று கலந்திருக்கட்டும். சவுண்டல் தழைக்கும் இவ்வரம்பே பொருந்தும். அதில் மைமோசின் என்னும் வேறொரு நச்சுப்பொருளும் உண்டு.

2. துவர்ப்பை அறிய எளிய சோதனை உண்டு. தழையை நசுக்கி நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரில் சிறிது அன்னபேதி இடுக. நீர் கறுத்தால் துவர்ப்பு உண்டு. கருமை மிகுந்தால் துவர்ப்பும் மிகுதி என்று கொள்ளலாம். சோதித்த நீரைக் கால்நடை குடிக்காதபடி கொட்டிவிடவேண்டும்.

3. பல தழைகளில், வெயிலில் உலர்த்துவதால் துவர்ப்பின் வேகம் குறையும். இமயமலைப் பகுதியின் ஓக் மரத் தழையை ஆராய்ந்த ஹரிந்தர் மக்கார், மரச்சாம்பல் கலந்த நீரும் துவர்ப்பைக் குறைப்பதைக் கண்டார். நம் தழைகளில் இதனைக் கையாளும் முன் கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்வது நன்று.

4. கருவேல் நெற்றையும் சீமைக்கருவேல் நெற்றையும் ஒன்றென எண்ணவேண்டாம். முன்னது துவர்ப்பு மிக்கது. பின்னது இனிப்பு மிக்கது. இரண்டையும் அளவோடு கலந்தே இடவேண்டும்.

இவற்றைத் தனியொருவர் செய்வதினும் சங்கமாகச் செய்வது எளிது. அறுவடைக் காலத்தில் கடலைக்கொடி மலிவாகக் கிடைக்கும்போது கூட்டாக வாங்கிப் போரிட்டு வைத்து, கோடையில் உறுப்பினருக்கு அடக்கவிலையில் வழங்கலாம். உதிரும் வெள்வேல் நெற்றைச் சேகரித்துப் பங்கிடலாம். ஆட்டுக்கடன் வழங்கும் சங்கங்கள், கடன் மனுவில் ஆட்டின் விலையோடு கோடைத் தீவனத்திற்கான ஏற்பாட்டையும் கேட்டறிவது தக்கது. ஆடு வாங்கப் பணம் தந்துவிட்டு அதன் தீனியை மரத்தின் தலையில் சுமத்துவது முறையன்று.

வறண்ட நிலத்தில் தானே நின்று தழைக்கும் வேலமரம் நமக்குக் கிடைத்த செல்வம். விறகுக்காக அதனை வெட்டி விற்பவர் கோடைக்காலப் புரதத்தை விற்பவராவார். அதனை மட்டுமே ஆட்டுக்கு இடுபவரும் அச்செல்வத்தின் பயனை இழக்கிறார். மரத்தைக் காத்து, தழையை அளந்து, புல்லோடு கலந்து இட்டால், கோடை கடந்தும் ஆடு எடை குறையாது நிற்கும். கடனும் உரிய காலத்தில் தீரும்.