மஞ்சளும் சராசரி மனிதனும்

உணவில் சேர்க்கப்படும் ஒரு பொருளை மனிதர் எவ்வளவு உட்கொள்கின்றனர் என்பதைக் கணிக்கும் சூத்திரம் எளிமையானது: உண்ட உணவின் அளவை அதிலுள்ள அப்பொருளின் செறிவால் பெருக்கி, உண்டவரின் உடல் நிறையால் வகுக்க வேண்டும். சிக்கல் சூத்திரத்தில் இல்லை. அதனுள் யாருடைய உணவு இடப்படுகிறது என்பதிலேயே உள்ளது. எமக்கு நெருக்கமான மஞ்சளை எடுத்துக்கொள்வோம்.

மஞ்சளின் நிறப்பொருள் குர்குமின். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என 2003இல் வரையறுத்தது. எலிகளில் தீங்கு காணப்படாத அளவை நூறால் வகுத்துப் பெறப்பட்ட எண் இது. வாழ்நாள் முழுவதும் தினமும் உண்பதற்கான எல்லையே தவிர, ஒருநாள் தாண்டினால் நஞ்சாகும் கோடு அல்ல.

மஞ்சள்தூளில் ஏறத்தாழ 3 வீதம் குர்குமின் உண்டு எனக் கொள்வோம். 60 கிலோ நிறையுள்ள தாய் ஒருநாளில் 1 கிராம் மஞ்சள் உண்டால், கிலோவுக்கு அரை மில்லிகிராம். அதே சட்டியிலிருந்து அவளது 15 கிலோ நிறையுள்ள பிள்ளை பாதியளவு உண்டாலும், கிலோவுக்கு 1 மில்லிகிராம். பாதி உண்ட பிள்ளைக்கு இரட்டிப்பு. வயதுப் பிரிவுகளாகக் கணிப்பதன் அவசியம் இதுதான்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2010இல் இதை மீளாய்வு செய்தது. வழமையான உணவிலிருந்து வரும் குர்குமின் எல்லையின் 7 வீதத்துக்கும் குறைவு என்றது. ஆனால் உச்ச அளவில் நிறமூட்டப்பட்ட உணவுகளால், சில நாடுகளில் 1 முதல் 10 வயதுவரையான பிள்ளைகள் எல்லையைத் தாண்டலாம் எனவும் கண்டது. எது வழமையான உணவு? மேற்சொன்ன பிள்ளை சோறு, பருப்பு, சொதியிலேயே எல்லையின் மூன்றிலொன்றை எட்டிவிடுகிறது. நிறமூட்டிய சீஸும் மஸ்ரட்டும் அதற்கு மேல்.

கனடாவின் தேசிய போஷாக்கு ஆய்வுகள் 2004இலும் 2015இலும், முந்திய 24 மணித்தியாலத்தில் உண்டதைக் கேட்டு நடத்தப்பட்டன. வெள்ளிக்கிழமைச் சமையலைச் சொல்பவரின் கணக்கு வேறு, சனிக்கிழமை பீட்சாவைச் சொல்பவரின் கணக்கு வேறு. 2015இல் பங்குபற்றியோர் 20,000க்குச் சற்று அதிகம். அத்தொகையில் ஸ்காபரோவின் மூன்று வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அகப்பட்டிருக்க முடியும்? தேசியச் சராசரிக்குள் அவர்கள் கரைந்துபோகின்றனர்.

இது மஞ்சளைக் கண்டு அஞ்சுவதற்கான காரணம் அல்ல. ஆயின், பங்களாதேஷில் மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேற்று கலக்கப்பட்டதை 2019இல் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். ஈயம் முதலில் தாக்குவது குழந்தையின் மூளையை. அதன் ஆபத்தைக் கணிக்கவும் இதே சூத்திரமே, எமது பிள்ளை எவ்வளவு மஞ்சள் உண்கிறது என்ற அதே எண்ணே தேவை. எமது சமையலறைகளில் ஒரு தராசும் ஒரு கொப்பியும் இருந்தால் அந்த எண்ணைத் தேடத் தொடங்கலாம். பண்பாட்டைப் பேணுவது பற்றி நிறையவே விவாதித்துவிட்டோம். அதை நிறுத்துப் பார்க்கவும் வேண்டும்.