வேம்பா, மலைவேம்பா? வெட்டுமுகம் சொல்லும்!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நிலை, ஜன்னலுக்கு வரப்பு வேம்பை அறுத்து ஆறப்போடுவது பழைய வழக்கம். கரையான் எளிதில் அண்டாது. இப்போது மலைவேம்பும் தோட்டப்பயிராகிவிட்டது. இரண்டும் ஒரே குடும்பம். இழைத்த பலகையின் நிறத்தை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாறலாம்.

பலகையின் குறுக்கு வெட்டுமுகத்தைக் கூரான கத்தியால் சீவி, ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். மரம் நீரேற்றிய குழாய்கள் அங்கே துளைகளாகத் தெரியும். மலைவேம்பில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசைகட்டி நிற்கும், வெறுங்கண்ணே போதும். வேம்பின் துளைகள் சிறியவை, பரவலாகச் சிதறியிருக்கும். சிலவற்றைச் செம்பழுப்புப் பிசின் அடைத்திருக்கும். அதற்குப் பூதக்கண்ணாடி வேண்டும்.

எடையும் காட்டிக்கொடுக்கும். காய்ந்த வேம்பு கன அடிக்குச் சுமார் 20 கிலோ. மலைவேம்பு 12, 13 கிலோதான். வேம்பில் நார் பின்னி ஓடுவதால் இழைப்புளி திணறும், ஆசாரி முணுமுணுப்பார்.

மலைவேம்பு மட்டம் என்றில்லை. ஆறேழு ஆண்டில் பிளைவுட்டுக்கு உரிக்க நேரான மரம் தரும், தீக்குச்சிக்கும் ஆகும். மண்ணையும் சுவரையும் தொட்டு நிற்கும் நிலைக்குத்தான் ஆகாது. வேம்பிலும் வெளிச்சுற்று வெள்ளை மரத்தைக் கரையான் விடாது. வைரம் பாய்ந்த பகுதியைக் கேட்டு வாங்குங்கள்.