அசர் தெரியாத வெனிஸ்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூரிலிருந்து கட்டாருக்குத் தொழிலுக்குப் போனவர்களுக்கு வெனிஸ் புதிதல்ல. டோஹாவின் வில்லாஜியோ கடைத்தொகுதிக்குள்ளே கால்வாய் ஓடுகிறது, அதில் கொண்டோலாப் படகு போகிறது, கூரையில் நீலவானம் தீட்டியிருக்கிறது. கட்டாரில் சூதாட்டத்துக்குத் தடை. ஆகவே அந்த வெனிஸில் சுற்றிப் பார்க்கலாம், சாமான் வாங்கலாம், அவ்வளவுதான்.

லாஸ் வேகாஸில் 1999இல் இதே அலங்காரத்தோடு திறந்த வெனீஷியன், கெசினோவோடு கட்டிய ஹோட்டல். 2007இல் மக்காவுவில், கடலை நிரப்பி எடுத்த கோட்டாய் நிலத்தில், அதைவிடப் பெரிய வெனீஷியன் எழுந்தது. திறந்தபோது சூதாட்டத் தளம் மட்டும் ஏறத்தாழ 550,000 சதுர அடி. மேல்மாடியில் மூன்று கால்வாய்கள். படகோட்டி பாடிக்கொண்டே துடுப்பு வலிக்கிறார். கூரையில் தீட்டிய மேகம் நகர்வதே இல்லை. அசர் நேரமா, இஷா நேரமா என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2016இல் பக்கத்திலேயே பாரிஸியன் வந்தது, பாதி அளவு ஈபிள் கோபுரத்தோடு.

சூதுக்கு ஏன் இன்னோர் ஊரின் வேஷம்? சொந்த ஊரில், சந்தையிலும் பள்ளிவாசலிலும், நாம் இன்னாருடைய மகன் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பார்வைக்கு வெட்கப்பட்டே தப்பியவர்கள் எத்தனையோ பேர். வேஷம் போட்ட ஊரில் அந்த வெட்கம் கழன்றுவிடுகிறது.

கொழும்பு கொம்பனித்தெருவில் 2025 ஆகஸ்டில் கெசினோவோடு திறந்த ‘சிட்டி ஒஃப் ட்றீம்ஸ்’ஸுக்கு வெனிஸ் முகம் இல்லை. இலங்கையில் பிறந்த செசில் பால்மண்ட் வடிவமைத்தது அது. பெயர் மட்டும் மக்காவுவிலிருந்து வந்தது. கெசினோவை நடத்தும் மெல்கோவும் அங்கே வளர்ந்த நிறுவனம். 2015 இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் இந்தத் திட்டத்துக்குக் கெசினோ கிடையாது என்றார்கள். நாடு டொலருக்குத் தவித்த பிறகு, 2024இல் 20 வருட அனுமதிப்பத்திரம் கிடைத்தது. இலங்கையர் கெசினோவுக்குள் நுழைய 50 டொலராக இருந்த வரியை 100 ஆக்க அரசே முடிவெடுத்திருக்கிறது. தன் மக்கள் உள்ளே போவது நல்லதல்ல என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது.

எனக்குப் பெரிய கவலை, அங்கே வேலைக்குப் போகக்கூடிய நம் பிள்ளைகளைப் பற்றியது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆவது வசனம் மதுவையும் சூதையும் சேர்த்தே விலக்கச் சொல்கிறது. ஜும்ஆவில் அதை ஓதிவிட்டு, ஹோட்டல் பயிற்சி முடித்த பையனை வழிகாட்டாமல் விடுவது சரியில்லை. சிட்டி ஒஃப் ட்றீம்ஸுக்குள் இருக்கும் சினமன் லைஃப் ஹோட்டலை நடத்துவது ஜோன் கீல்ஸ் குழுமம். கெசினோவை நடத்துவது மெல்கோ. ஒரே கட்டடம், இரண்டு முதலாளிகள். நியமனக் கடிதத்தில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, வேலை எந்தப் பகுதியில், மது பரிமாறச் சொல்வார்களா என்பதை, மகன் கொழும்புக்கு பஸ் ஏறுமுன் வாப்பாவும் உம்மாவும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.